கீறல் விழுந்த ரிகார்டின் ராகம்

பழைய இசைத்தட்டுகளின் இரைச்சலைக் கொண்டே ஒரு புது இசை பிறந்திருக்கிறது. அதில் அதிகம் பேசப்பட்ட படைப்பு, மறதி நோயின் கதையை ஆறரை மணி நேரம் சொல்கிறது.

சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்பவரைக் கீறல் விழுந்த ரிகார்டு என்று கேலி செய்வது நம் வழக்கம். இசைத்தட்டைக் கண்ணால் பார்த்திராத தலைமுறைகூட இந்த வசவை விட்டுவைக்கவில்லை. ஊசி ஒரே பள்ளத்தில் சிக்கிக்கொள்ளும். பாட்டு அந்த இடத்திலேயே சுற்றும். யாராவது எழுந்து போய் ஊசியை நகர்த்திவிட வேண்டும்.

ஆனால் நகர்த்தாமல், சுற்றட்டும் என்று விட்டுவிட்டு உட்கார்ந்து கேட்கிற ஒரு கூட்டம் உலகில் இருக்கிறது. பழைய ரிகார்டுகளைத் தேடிப்பிடித்து, அவற்றிலிருந்து ஓரிரு வினாடித் துண்டுகளை வெட்டி எடுத்து, வேகத்தைக் குறைத்து, ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி, மணிக்கணக்கில் நீளும் ரீங்காரமாக மாற்றுகிறார்கள் சில கலைஞர்கள். தூசி, கீறல், தேய்மானம் எதையும் அவர்கள் நீக்குவதில்லை. உண்மையில் அதற்காகத்தான் பழைய ரிகார்டையே தேடுகிறார்கள்.

இதற்கு 'ஆம்பியன்ட் ட்ரோன்' என்று பெயர். ஆம்பியன்ட் என்றால் சூழலோடு கலந்து நிற்கும் இசை. ட்ரோன் என்றதும் ஆகாயத்தில் பறக்கும் இயந்திரத்தை நினைக்க வேண்டாம். விடாமல் ஒலிக்கும் ஒற்றைச் சுருதிக்கும் அதே பெயர்தான். நம் கச்சேரி மேடையில் தம்புராவும், நாகஸ்வரத்துக்குத் துணையாக ஒத்தும் செய்கிற வேலை அது. ஒரே ஒரு வித்தியாசம். நம் மேடையில் சுருதி என்பது தரை. அதன் மேல் பாட்டு நடக்கிறது. இங்கே பாடகர் எழுந்து போய்விட்டார். தம்புரா மட்டும் ஒலித்துக்கொண்டிருக்கிறது.

பொழுது போகாதவர்களின் வேலை என்று இதைப் பலர் ஒதுக்கினார்கள். அப்படி ஒதுக்க முடியாமல் செய்தவர் இங்கிலாந்தின் ஸ்டாக்போர்ட் நகரைச் சேர்ந்த லேலண்ட் ஜேம்ஸ் கிர்பி. 'தி கேர்டேக்கர்' என்ற புனைபெயரில் 2016-லிருந்து 2019 வரை ஆறு பகுதிகளாக அவர் வெளியிட்ட 'எவ்ரிவேர் அட் தி எண்ட் ஆஃப் டைம்' என்ற படைப்பில், பல பத்தாண்டுகளுக்கு முந்தைய நடன இசைத்தட்டுகள் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைந்து வெறும் ரீங்காரமாகின்றன. அல்சைமர் நோயில் ஒரு மனம் எப்படிப் படிப்படியாக உதிர்கிறது என்பதுதான் அந்தச் சிதைவின் பொருள். விமர்சகர்களின் வட்டத்தோடு நின்றிருக்க வேண்டிய ஒரு பரிசோதனை, தாத்தா பாட்டி இருக்கிற எந்த வீட்டுக்கும் பொதுவான சங்கதியாகிவிட்டது இப்படித்தான்.

தற்செயலின் பிள்ளை

ரிகார்டைக் கேட்பதற்கு மட்டுமின்றி வாசிப்பதற்கும் பயன்படுத்தலாம் என்ற யோசனை புதிதல்ல. அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜ் 1939-லேயே வேகத்தை மாற்றக்கூடிய கிராமபோன் சுழல்மேடைகளை வாத்தியங்களாக வைத்து ஒரு படைப்பை உருவாக்கினார். 1948-ல் பாரிஸில் பிரெஞ்சு வானொலியில் பணியாற்றிய பியர் ஷேபர் இன்னும் ஒரு படி முன்னே போனார். ரிகார்டின் பள்ளம் சுருள் வடிவில் உள்ளே போவதற்குப் பதிலாக, தன் வாலையே கடிக்கும் பாம்பு போல ஒரு முழு வட்டமாக மூடிக்கொண்டால் என்ன ஆகும்? ஒரே ஓசை திரும்பத் திரும்ப வரும். சில சுற்றுகளில் காது அந்த ஓசையின் பொருளை மறந்துவிடும். ரயில் சத்தம் ரயிலாக இல்லாமல் தாளமாகிவிடும்.

ஷேபர் கண்டுபிடித்த இன்னொரு விஷயம் இந்த இசையின் ரகசியத்தையே சொல்லிவிடுகிறது. ஒரு மணியோசையைப் பதிவு செய்து, அடி விழும் அந்த முதல் கணத்தை மட்டும் நீக்கிவிட்டால், மிச்சமுள்ள ஓசை மணி போலவே இருக்காது. ஒரு குழல் வாத்தியம் போல ஒலிக்கும். ஒரு ஓசையை இன்னது என்று நாம் அடையாளம் காண்பது பெரும்பாலும் அதன் தொடக்கத்தை வைத்துத்தான். தலையை வெட்டிவிட்டால் வயலினும் பியானோவும் தங்கள் பெயரை இழந்துவிடுகின்றன. வெறும் சுரம் மிஞ்சுகிறது.

அடுத்த தந்திரம் வேகம். நிமிடத்துக்கு 78 முறை சுற்ற வேண்டிய தட்டை 33-ல் ஓடவிட்டால் சுருதி ஒரு ஸ்தாயிக்கும் மேல் இறங்கிவிடும். பெண் குரல் ஆண் குரலாகும். துள்ளும் நடனப் பாட்டு சவ ஊர்வலமாகும். முன்பு கைவேலையாகச் செய்த இதையெல்லாம் இன்று கம்ப்யூட்டர் சில நிமிடங்களில் செய்துவிடுகிறது. ஜெர்மனியின் கொலோன் நகரைச் சேர்ந்த வுல்ஃப்காங் ஃபோய்க்ட் 1990களில் 'காஸ்' என்ற பெயரில் வெளியிட்ட ஆல்பங்கள் இந்த வகையில் பிரபலம். சாஸ்திரிய ஆர்க்கெஸ்ட்ரா இசையின் துண்டுகளை இழுத்து நீட்டி, அடர்ந்த காட்டுக்குள் எங்கோ தூரத்தில் வாத்தியங்கள் ஒலிப்பதைப் போல அமைத்தார். அவருடைய 1998 ஆல்பத்துக்கு, கொலோனுக்கு அருகிலுள்ள கோனிக்ஸ்ஃபோர்ஸ்ட் என்ற காட்டின் பெயரையே வைத்தார்.

'ஆம்பியன்ட்' என்ற பெயர் நிலைத்ததற்கும் ஒரு ரிகார்டே காரணம். பிரிட்டிஷ் இசைக் கலைஞர் பிரையன் ஈனோ 1975-ல் விபத்தில் அடிபட்டுப் படுக்கையில் இருந்தார். பார்க்க வந்த தோழி கொடுத்துவிட்டுப் போன ஹார்ப் இசைத்தட்டு ஒன்றைச் சுழலவிட்டுப் படுத்த பிறகுதான் ஒலி மிகக் குறைவாக வைக்கப்பட்டிருப்பது தெரிந்தது. ஒரு ஸ்பீக்கரும் வேலை செய்யவில்லை. எழுந்து சரிசெய்யத் தெம்பில்லை. வெளியே பெய்த மழையோடு கலந்து, கேட்டும் கேட்காமலும் ஒலித்தது இசை. இசை இப்படியும் இருக்கலாமே என்று அவருக்குத் தோன்றியது. 1978-ல் வந்த அவருடைய விமான நிலைய இசை ஆல்பத்தின் தலைப்பிலேயே 'ஆம்பியன்ட்' இடம்பெற்றது.

'ட்ரோன்' பகுதியில் இந்தியாவுக்கு நேரடிப் பங்கு உண்டு. நீண்ட சுரங்களைக் கொண்டே இசையமைத்த அமெரிக்கர் லா மான்டே யங், 1970-ல் கிரானா கரானாவின் பண்டிட் பிரான் நாத்துக்குச் சீடரானார். தம்புராவின் சுருதியைப் பின்னணியாக நினைக்காமல் அதையே மையமாகக் கேட்கும் பழக்கம் மேற்கத்திய பரிசோதனை இசையில் வேரூன்றியதில் அந்தக் குரு-சிஷ்ய உறவுக்கு முக்கிய இடம் இருக்கிறது.

இந்த இரண்டு ஓடைகளும் பழைய ரிகார்டில் வந்து கலந்தன. லிவர்பூலில் வாழ்ந்த பிலிப் ஜெக், பழைய சாமான் கடைகளில் கிடைத்த மலிவான ரிகார்டு பிளேயர்களையே தன் வாத்தியமாக்கிக்கொண்டார். சி.டி.க்கள் வந்து இசைத்தட்டுகளைக் குப்பைக்கு அனுப்பிக்கொண்டிருந்த 1993-ல், லண்டனில் 180 பிளேயர்களை அடுக்கிவைத்து, லால் சார்ஜென்ட் என்ற கலைஞருடன் சேர்ந்து அவர் நடத்திய நிகழ்ச்சியின் பெயர் 'வைனில் ரெக்வியம்'. இசைத்தட்டுக்கான இரங்கல் இசை என்று பொருள். 2022-ல் ஜெக் காலமானபோது வைனில் தட்டுகள் மீண்டும் கடைகளில் விற்பனைக்கு வந்திருந்தன. இரங்கல் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டது.

கரகரப்புக்குள் அரக்கு

இந்தக் கலைஞர்கள் மயங்குகிற அந்தக் கரகரப்பு எங்கிருந்து வருகிறது? வைனில் தட்டில் அது பெரும்பாலும் தூசியும், கீறலும், காய்ந்த காற்றில் சேரும் மின்னூட்டமும். அமெரிக்காவின் கொலம்பியா நிறுவனம் 1948-ல் வைனில் எல்.பி. தட்டை அறிமுகப்படுத்தியபோது, அதன் பெருமையே முந்தைய தட்டுகளைவிடச் சத்தம் குறைவு என்பதுதான்.

முந்தைய தட்டுகளின் கதை நமக்கு நெருக்கமானது. 1890களின் நடுப்பகுதியிலிருந்து சுமார் அரை நூற்றாண்டு காலம் உலகம் முழுவதும் ரிகார்டுகள் அரக்கால் செய்யப்பட்டன. அந்த அரக்கில் பெரும்பகுதி இந்தியாவிலிருந்து போனது. இன்றைய ஜார்க்கண்ட், சத்தீஸ்கர், மேற்கு வங்காளப் பகுதிகளில் புரசு, இலந்தை, பூவம் ஆகிய மரங்களின் கிளைகளில் அரக்குப் பூச்சிகள் சுரக்கும் பிசினை ஆதிவாசிகளும் சிறு விவசாயிகளும் சுரண்டி எடுத்தார்கள். அந்தக் கொம்பரக்கு சுத்திகரிக்கப்பட்டுக் கப்பலேறி ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போனது. 1902-ல் கல்கத்தாவில் கௌஹர் ஜான் பாடியதைப் பதிவு செய்த பிரெட் கைஸ்பர்க்கின் குழு, அச்சிடுவதற்காக அதை ஜெர்மனியின் ஹனோவருக்கு அனுப்பியது. இங்கிருந்து போன பாட்டு, இங்கிருந்து போன அரக்கில் பதிந்து, விலைக்குத் திரும்பி வந்தது. கல்கத்தாவில் தட்டு அச்சிடும் தொழிற்சாலை தொடங்கியது 1908-ல்தான்.

அரக்கோடு கல் தூளும் சேர்த்துத்தான் தட்டு வார்ப்பார்கள். காரணம் உண்டு. அக்காலத்து எஃகு ஊசி, பள்ளத்தின் வடிவத்துக்கு ஏற்பத் தேய்ந்து பொருந்த வேண்டும். கல் தூள் சாணைக்கல் போல அதைத் தேய்த்துவிடும். அதனால்தான் ஒவ்வொரு பக்கத்துக்கும் புது ஊசி போடச் சொன்னார்கள். ஊசி தேயும்போது தட்டும் தேய்ந்தது. ஆகவே ஒரு 78 தட்டின் கரகரப்பு என்பது அழுக்கு மட்டுமல்ல. அந்தத் தட்டை யாரோ எத்தனை முறை விரும்பிக் கேட்டார்கள் என்பதன் கணக்கும்தான். அதிகம் நேசிக்கப்பட்ட பாட்டு அதிகம் தேய்ந்திருக்கும்.

ஆறு கட்டங்கள்

கிர்பி பிடித்துக்கொண்டது இந்த முரணைத்தான். ஸ்டான்லி குப்ரிக்கின் 1980 திரைப்படம் 'தி ஷைனிங்'கில், ஆளில்லாத ஓட்டல் ஒன்றின் நடனக் கூடத்தில் 1930களின் பாட்டு ஒலிக்கும். அந்தக் காட்சியின் பாதிப்பில் 1999-ல் தன் முதல் கேர்டேக்கர் ஆல்பத்தை வெளியிட்டார். அப்போது அது பேய் வீட்டு இசை. பிறகு அவர் கவனம் மூளைக்குத் திரும்பியது. 2010-ல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வு, அல்சைமர் நோயாளிகள் பேச்சாகக் கேட்ட வரிகளைவிடப் பாட்டாகக் கேட்ட வரிகளை நன்றாக அடையாளம் காண்கிறார்கள் என்று சொன்னது. மறு ஆண்டு வந்த கிர்பியின் ஆல்பம், நியூயார்க்கின் புரூக்ளினில் வாங்கிய பழைய ரிகார்டுகளிலிருந்து உருவானது.

அதன் பிறகு பெரிய வேலை. முதல் பகுதியில் நடனப் பாட்டுகள் அநேகமாக முழுதாகவே ஒலிக்கின்றன. கொஞ்சம் எதிரொலி, கொஞ்சம் கரகரப்பு, அவ்வளவுதான். மழை நாளில் பழைய வானொலியைக் கேட்கும் சுகம். இரண்டாவதில் சோகம் தட்டுகிறது. மூன்றாவதில் பாட்டுகள் பாதியில் அறுந்து ஒன்றோடொன்று சிக்கிக்கொள்கின்றன. நான்காவதிலிருந்து பாட்டு என்று சொல்ல எதுவும் இல்லை. நூற்றுக்கணக்கான துண்டுகள் ஒரே நேரத்தில் மோதுகின்றன. நடுவே தெரிந்த ஒரு மெட்டு தலைகாட்டி, பிடிப்பதற்குள் போய்விடுகிறது. ஆறாவதில் மிஞ்சுவது ரீங்காரம் மட்டுமே.

முதல் பகுதியின் முதல் பாட்டு, ஆல் பௌலி 1931-ல் பாடிய 'ஹார்ட்ஏக்ஸ்'. 1920களில் கல்கத்தாவில் ஓட்டல் இசைக்குழுவில் வாசித்துப் பிழைத்து, பிறகு லண்டனில் நட்சத்திரமாகி, 1941-ல் ஜெர்மானிய குண்டுவீச்சில் இறந்தவர் பௌலி. அதே மெட்டு அடுத்தடுத்த பகுதிகளில் திரும்பத் திரும்ப வருகிறது. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் குறைந்து வருகிறது. இரண்டாம் முறை கேட்கும்போது "இதை எங்கேயோ கேட்டிருக்கிறேனே" என்று கேட்பவரே தடுமாறுகிறார். நோயைப் பற்றி எந்த விளக்கமும் தராமல், நோயாளியின் திகைப்பில் ஒரு சிட்டிகையைக் கேட்பவர் தலைக்குள்ளேயே வைத்துவிடுகிறார் கிர்பி. கீறல் விழுந்த ரிகார்டு இங்கே உவமை அல்ல, அனுபவம்.

முதல் பகுதி வந்தபோது, நோய் வந்திருப்பது கிர்பிக்கே என்று செய்தி பரவியது. நோய் தன் புனைபெயர்ப் பாத்திரத்துக்குத்தான், தனக்கு அல்ல என்று அவர் தெளிவுபடுத்த வேண்டியிருந்தது. 2019-ல் கடைசிப் பகுதியோடு அந்தப் பாத்திரத்தின் கதையையும் முடித்துவிட்டார்.

விளையாட்டும் வினையும்

2020-ல், ஊரடங்கு ஆண்டில், இந்த ஆறரை மணி நேரத்தையும் ஒரே மூச்சில் கேட்டு முடிப்பது டிக்டாக்கில் இளைஞர்களின் சவாலாக மாறியது. (இந்தியாவில் அதற்குச் சில மாதங்கள் முன்பே, ஜூன் இறுதியில், டிக்டாக் தடை செய்யப்பட்டுவிட்டது.) கேட்டு அழுதவர்கள், பயந்தவர்கள், இது கேட்டால் ஆபத்து என்று கதை கட்டியவர்கள் எல்லாம் கிளம்பினார்கள். ஒரு நோயைத் திகில் படமாக்கிவிட்டார்கள் என்று சிலர் கோபப்பட்டார்கள். நோயாளிகளைப் பராமரிப்பவர்கள் சிலரோ இதை வரவேற்றார்கள். பதினெட்டு வயதுப் பையன் ஒருவன் மறதி நோயாளியின் மனத்துக்குள் என்ன நடக்கும் என்று யோசிப்பதே பெரிய விஷயம் என்பது அவர்கள் கட்சி.

இரு தரப்பிலும் நியாயம் உண்டு. இது ஒரு ஆரோக்கியமான மனிதரின் கற்பனைதான். நோயின் உள்ளே போய்த் திரும்பி வந்து சொன்னவர் யாரும் இல்லை. இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ஜெர்மனியின் லைப்சிக் நகர மாக்ஸ் பிளாங்க் ஆய்வாளர்கள் 2015-ல் வெளியிட்ட ஆய்வின்படி, நெடுநாள் பழகிய இசையின் நினைவோடு தொடர்புடைய மூளைப் பகுதிகள் அல்சைமரில் மற்றப் பகுதிகளைவிடத் தாமதமாகத்தான் பாதிக்கப்படுகின்றன. பெற்ற பிள்ளையின் பெயர் மறந்துபோன தாய், பாடத் தொடங்கினால் பாட்டை முழுதாகப் பாடிவிடுவதற்குக் காரணம் இதுவாக இருக்கலாம். கிர்பியின் படைப்பில் முதலில் உடைவது இசை. நிஜத்தில் கடைசி வரை நிற்பவற்றில் ஒன்று இசை.

அவருக்கும் இது தெரியாமல் இல்லை போலும். ஆறாம் பகுதியின் முடிவில், நீண்ட ரீங்காரத்துக்குப் பிறகு, திடீரென்று திரை விலகியது போல ஒரு சேர்ந்திசைக் குரல் சில நிமிடங்கள் கேட்கிறது. தேய்ந்த தட்டுதான், ஆனால் தெளிவான பாட்டு. பிறகு ஒரு நிமிடம் முழு மௌனம். படைப்பு முடிந்துவிடுகிறது.

நம் அலமாரியில்

இந்த வகை இசையை நம் ஊர்களில் எத்தனை பேர் கேட்பார்கள் என்பது வேறு கேள்வி. ஆனால் அதன் மூலப்பொருள் நம்மிடம் ஏராளம். மும்பையின் சோர் பஜாரிலும் கொல்கத்தாவின் ஃப்ரீ ஸ்கூல் தெருவிலும் பழைய ரிகார்டுகள் குவிந்து கிடந்த காலம் உண்டு. பரண்களில் இன்னும் கிடக்கின்றன. சட்டமும் ஓரளவு வழிவிடுகிறது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி ஒரு ஒலிப்பதிவுக்கான உரிமை வெளியான ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகளோடு முடிந்துவிடுகிறது. பாட்டை எழுதியவர், இசையமைத்தவர் உரிமைகள் தனி. அவை அவர்கள் மறைவுக்குப் பிறகும் 60 ஆண்டுகள் தொடரும். அமெரிக்காவில் 1923-க்கு முந்தைய ஒலிப்பதிவுகள் 2022 தொடக்கத்திலிருந்து பொதுச் சொத்து. ஒரு பழைய தட்டு, ஒரு பிளேயர், ஒரு கம்ப்யூட்டர் இருந்தால் செய்து பார்க்கலாம். கடினம் வெட்டுவதில் இல்லை, எதை வெட்டாமல் விடுவது என்பதில்.

இன்னொரு மூலப்பொருளும் நம்மிடம் குறைவில்லை. 2023-ல் வெளியான ஓர் ஆய்வு, இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவிகிதம் பேர், அதாவது சுமார் 88 லட்சம் பேர், மறதி நோயோடு வாழ்வதாக மதிப்பிட்டது. ஆண்களைவிடப் பெண்களிடமும், நகரத்தைவிடக் கிராமத்திலும் இது அதிகம். இவர்களில் எத்தனையோ பேருக்கு வீட்டில் கிடைக்கும் மருத்துவப் பெயர் "வயசாயிடுச்சு" என்பதுதான். சாப்பிட்டாயா என்று ஐந்தாவது முறை கேட்கும் பாட்டியை, ஏற்கெனவே சொன்னேனே என்று அதட்டுவது எளிது. ஊசியைத் தட்டி நகர்த்துகிற அதே வேகம்.

அந்தக் கேள்வி திரும்பத் திரும்ப வருவதற்குக் காரணம், அது அவர் வாழ்நாள் முழுக்க மற்றவர்களைக் கேட்டுக் கேட்டுத் தேய்ந்த பள்ளம் என்பதாகக்கூட இருக்கலாம். ஐந்தாவது முறையும் பதில் சொல்லிவிட்டு, அவருக்குப் பிடித்த பழைய பாட்டு ஒன்றைப் போட்டுவிட்டால் நஷ்டம் ஒன்றுமில்லை. பாட்டில் அவரும் சேர்ந்துகொள்ள வாய்ப்பு உண்டு.